விபாசனா போனால் குடி நிற்குமா?

விபாசனா என்பது பத்து நாள் முகாமில் கற்றுத்தரும் பௌத்தத் தியானம். இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பது பெரும்பாலும் குடிப்பவரின் மனைவி, சில நேரம் அக்கா, ஒரு முறை கல்லூரியில் படிக்கும் மகள். "அண்ணா, நீங்க பத்து நாள் தியானத்துக்குப் போய்தான் விட்டீங்களாமே, இவரையும் அங்க சேர்த்துவிட்டா சரியாயிடுமா?" ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. மெஷின் சத்தத்துக்கு நடுவே சொன்னால் பாதி காதில் விழாமலும் போகும். அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தினமும் குடித்துக்கொண்டிருக்கும் ஒருவரை நேராக எந்தத் தியான முகாமுக்கும் அனுப்பாதீர்கள். பல வருடம் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும், தான் இருக்கும் இடமே புரியாது. அதில் உயிர் போவதும் உண்டு. டாக்டர் பக்கத்தில் இருந்து மாத்திரையும் பி1 வைட்டமினும் கொடுத்து இறக்க வேண்டிய போதை அது. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மா 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை ஆஸ்பத்திரியைப் பலரும் டி.டி.கே. என்ற பெயரில் அறிவார்கள். முதலில் ஆஸ்பத்திரி, மற்றதெல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் மேலே குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், ரத்த அழுத்தம் சரியும். டாக்டர் சொல்லி, தெரிந்தே சாப்பிடுபவருக்கு அது ஒரு துணை. அதையே யாரோ சொன்னார்கள் என்று சாம்பாரில் கலந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அன்பினால் செய்கிறீர்கள் என்று தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, தியானத்துக்கு வருகிறேன்.

நான் இராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். சனிக்கிழமை வாரக்கூலி. டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடுவார்கள். என் வாழ்க்கை பல வருடம் அந்த நேரக்கணக்கில்தான் ஓடியது. குடித்த கதையை இதற்கு மேல் எழுதப்போவதில்லை. எல்லார் வீட்டிலும் அது ஏறக்குறைய ஒரே கதைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகச் சொன்னார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது; குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு. ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, பிளாஸ்கில் டீ. ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்துப் பேசினார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை, புத்தி சொல்லவில்லை. எனக்குப் பிடித்துப்போனது. இடித்தது மூன்றாவது படி. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் அதுதான் நம் வாழ்க்கையைக் கடவுளிடம், நாம் புரிந்துகொண்ட வகையில் ஒப்படைக்கச் சொல்வது. என் அப்பா பெரியார் தொண்டர். எங்கள் வீட்டில் சாமி படம் மாட்ட ஆணியே கிடையாது. இல்லாத ஒருவரிடம் எதை ஒப்படைப்பது? என் ஸ்பான்சர், அதாவது கூட்டத்தில் எனக்கு வழிகாட்டும் மூத்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடமே கேட்டேன். "தம்பி, உனக்குக் கடவுள் வேணாம்னா இந்த ரூமை வச்சுக்க. நீ ஒருத்தன், இங்க இருபது பேர் இருக்கோம். உன்னைவிட பலம்தானே?" என்றார். அவர் அத்தோடு விட்டுவிட்டார். இன்றுவரை என் கடவுளைப் பற்றி அவர் கேட்டதில்லை.

பௌத்தத்தைக் காட்டியது எங்கள் அச்சகத்து பைண்டிங் அண்ணன். அவரும் அதே கூட்டத்துக்கு வருபவர். அவர் வீட்டில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் புத்தர் படம் இருக்கும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றபோது தன்னோடு வந்த மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. அண்ணனுக்கு அது சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். பௌத்தர்களின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தில், போதையை விலக்கும் ஐந்தாவது சீலத்தையும் பாலி மொழியில் தடங்கல் இல்லாமல் சொல்வார். சொல்லத் தெரிந்துகொண்டேதான் அத்தனை வருடமும் குடித்தார். "வார்த்தை தெரியாம இல்லடா, தனியா இருந்தேன்" என்பார். இதே இராயப்பேட்டையிலிருந்து 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை நடத்தியதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். அதற்கு முன்பே, 1898இல், பண்டிதர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியிருந்தார். நான் அச்சு மையில் கை நனைக்கும் பேட்டையிலேயே ஒரு பௌத்தம் அச்சாகியிருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் ஒரு பூரிப்பு.

அண்ணன் சொல்லித்தான் திருமுடிவாக்கம் பக்கம் இருக்கும் தம்ம சேது என்ற விபாசனா மையத்துக்குப் பத்து நாள் முகாம் போனேன். கட்டணம் கிடையாது, முன்பு பயின்றவர்கள் கொடுத்துவிட்டுப் போன தானத்தில்தான் நமக்குச் சோறு. விண்ணப்பத்தில் குடி, போதைப் பழக்கம் பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள். ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். விடிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பகல் பதினொரு மணிக்குச் சாப்பாடு, சாயங்காலம் ஐந்து மணிக்கு டீயோடு ஏதாவது லேசாக, அவ்வளவுதான். பேச்சு கிடையாது, சைகை கிடையாது, பக்கத்தில் இருப்பவர் கண்ணைக்கூடப் பார்க்கக் கூடாது. முதல் மூன்று நாள் மூக்கின் வாசலில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுக்க என்னென்ன உணர்ச்சி எழுகிறது என்று தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டு போக வேண்டும். அதன்பிறகு தினமும் மூன்று தடவை ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும்.

அங்கே நான் கற்றுக்கொண்டதைத் தெளிவாகச் சொல்லப் பார்க்கிறேன், ஏனென்றால் அது பெரிய விஷயம். சாயங்காலம் ஆறு மணி ஆனால் எனக்கு 'வேணும்' என்று ஒன்று வரும். அது மொத்தமாக வரும், என்னை இழுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, தியான மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது அதே ஆறு மணிக்கு அது வந்தது. போக இடமில்லை. அசையவும் கூடாது. அப்போதுதான் முதல்முறையாக அதைப் பார்த்தேன். தொண்டையின் அடியில் ஒரு வறட்சி. நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறுகிறது. தாடைக்குக் கீழே சூடு. நெஞ்சில் ஓர் இறுக்கம். பாதம் இரண்டும் எழுந்து நடக்கத் துடிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் தாங்கக்கூடியதாக இருந்தது. எச்சில் ஊறியது, அடங்கியது. சூடு ஏறியது, கொஞ்ச நேரம் இருந்தது, இறங்கியது. குடிக்காமலேயே இறங்கியது. இது குடித்தால் மட்டுமே அடங்கும் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

அன்று இரவு பதிவுசெய்த உரையில், இந்த முகாம்களைத் தொடங்கிய ஆசிரியர் கோயங்கா இதையேதான் சொன்னார். உரையைத் தமிழில் கேட்க வைப்பார்கள். ஆள் அடிமைப்பட்டிருப்பது சாராயத்துக்கு இல்லை, அது உடம்பில் எழுப்பும் உணர்ச்சிக்கு என்றார். அவர் சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் உண்டு. பர்மாவில் பிறந்த வியாபாரியான அவருக்குக் கொடுமையான ஒற்றைத் தலைவலி இருந்தது. அதற்கு மார்ஃபின் ஊசி போட்டார்கள். இப்படியே போனால் மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவாய் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். வெளிநாடெல்லாம் போய்ப் பார்த்தும் வைத்தியம் கிடைக்காமல் 1955இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் பர்மா அரசாங்கத்தின் கணக்குத் துறைத் தலைமை அதிகாரி, கூடவே தியான ஆசிரியர். தலைவலிக்காக வருவதானால் வராதே, மன அழுக்கு போக வேண்டுமானால் வா என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். குடியை நிறுத்த மட்டும் விபாசனா போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் சியாட்டில் பகுதியில் இருந்த ஒரு சிறையில் இதே பத்து நாள் முகாமை நடத்தி, விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பயிற்சி எடுத்தவர்களிடம் குடியும் போதைப்பொருளும் குறைந்திருந்தன என்று 2006இல் வெளியிட்டார்கள். ஆக இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், விபாசனா போனால் குடி நிற்குமா என்றால், அது மட்டும் போதாது என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

குடிக்கிறவன் மௌனத்தில் கைதேர்ந்தவன். எங்கே போனாய் என்றால் பேச மாட்டான், எவ்வளவு கடன் என்றால் பேச மாட்டான், அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றால் பேச மாட்டான். முகாமின் மௌனம் வேறு வகை, அதற்கு நோக்கம் உண்டு, நான் அதை மதிக்கிறேன். ஆனால் பதினோராம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு பல்லாவரம் பஸ்ஸில் ஏறியபோது என் மனம் எனக்கே கண்ணாடி மாதிரி தெரிந்தது, அதைச் சொல்ல மட்டும் யாரும் இல்லை. ஒரு கூலி நாளில் வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வறட்சி வந்தது, சூடு வந்தது, எல்லாம் பழகிய முகங்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மனம் மெதுவாக ஒன்று சொன்னது: 'இவ்வளவு விழிப்பாகக் கவனிக்கத் தெரிந்தவன் ஒரு கட்டிங் போட்டால்தான் என்ன? அதையும் கவனித்துக்கொண்டே போடலாமே.'

அந்த நிமிடம் அது எனக்கு ஞானம் போலவே பட்டது. எழுந்து ஸ்பான்சருக்கு ஃபோன் செய்து, நினைத்ததை அப்படியே சொன்னேன். என் வாயால் சொல்லி என் காதால் கேட்டபோதுதான் அது பச்சைப் பொய் என்று விளங்கியது. அவர் சிரிக்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அப்புறம் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

பௌத்தம் என்றால் தனியாக மரத்தடியில் உட்காருவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் விநயபிடகத்தில், அவர்கள் குடிக்கக் கூடாது என்ற விதி எப்படி வந்தது என்று ஒரு கதை இருக்கிறது, அண்ணன் சொன்னது. சாகதர் என்று ஒரு பிக்கு. அம்பதித்தம் என்ற இடத்தில் இருந்த கொடிய நாகத்தைத் தன் தவ வலிமையால் அடக்கியவர். அந்தப் புகழ் கோசாம்பி நகரத்துக்குப் பரவியது. அவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு மது ஊற்றிக் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் வாங்கிக் குடித்துவிட்டு நகர வாசலில் விழுந்து கிடந்தார். அந்த வழியாகப் பிக்குகளோடு வந்த புத்தர் பார்த்துவிட்டு, சாகதரைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்றார். மடத்துக்குக் கொண்டுவந்து புத்தர் பக்கம் தலை இருக்கும்படி படுக்கவைத்தார்கள். அவர் புரண்டு புத்தரை நோக்கிக் காலை நீட்டிக்கொண்டார். "முன்பு நாகத்தோடு போராடிய இவரால் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்போடாவது போராட முடியுமா?" என்று புத்தர் கேட்டார். முடியாது என்றார்கள். பிறகுதான் விதி வந்தது. விதிக்குக் காரணமான முதல் ஆளுக்கு அந்தக் குற்றம் கிடையாது என்பது விநயத்தின் முறை. சாகதரை யாரும் துரத்தவில்லை. பிற்பாடு அவர் அருகதர், அதாவது முழு விடுதலை அடைந்தவர், ஆனார். தீயைப் பற்றிய தியானத்தில் தேர்ந்தவர்களில் முதல்வர் என்று புத்தரே அவரைச் சொன்னார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது 'தூக்கிக்கொள்ளுங்கள்' என்ற இடம். நானும் வாசலில் கிடந்து தூக்கப்பட்டவன்தான். தூக்கியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

பௌர்ணமியிலும் அமாவாசையிலும் பிக்குகள் ஒன்றுகூட, ஒருவர் 227 விதிகளையும் வாய்விட்டு ஓதுவார். அதற்கு முன்னால், தவறு செய்தவர் இன்னொரு பிக்குவிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். புத்தர் காலத்திலிருந்தே இருக்கும் பழக்கம் இது. எங்கள் வகுப்பறையில் நாங்கள் செய்வது புதிதே இல்லை என்று தெரிந்தபோது எனக்கு மூன்றாவது படியின் சிக்கல் முடிந்தது. சங்கம் சரணம் கச்சாமி, கூட்டத்தைச் சரணடைகிறேன் என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியும்.

நம் தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் யார் தெரியுமா? சூதாட்டத்தில் சொத்தையெல்லாம் தொலைத்தவன். கையில் ஒன்றும் இல்லாமல் பொருள் தேடிக் கப்பலேறினான். கப்பல் உடைந்து நாகர்கள் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கினான். ஆட்களைப் பிடித்துத் தின்னும் கூட்டம் அது. அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால் உயிர் பிழைத்தான். தலைவன் அவனுக்குப் பெண்ணும் கள்ளும் இறைச்சியும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் வேண்டாம் என்றான். "மயக்கும் கள்ளும் மன்னுயிர் கோறலும்" தெளிந்தவர்கள் விலக்கியவை என்று காரணம் சொன்னான். எங்களால் இதெல்லாம் முடியாதே, எங்களுக்குத் தக்க அறம் எது என்று தலைவன் கேட்டபோது சாதுவன் முதலில் சொன்னது இதைத்தான்: கப்பல் உடைந்து இங்கே கரையேறுகிறவர்களைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள்.

கப்பல் உடைந்து வந்தவன், அடுத்துக் கப்பல் உடைந்து வருகிறவனுக்காகப் பேசுகிறான், அதுவும் அவர்கள் மொழியில். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் குடிக்கத் தவித்துக்கொண்டு, இன்னொரு குடிகாரரைத் தேடி ஃபோன் போட்டதில்தான் ஏ.ஏ. பிறந்தது. அவருக்கு டாக்டர் பாப் கிடைத்தார். இரண்டையும் நான் ஒரே கதையாகத்தான் படிக்கிறேன்.

ஐயப்பனுக்கு மாலை போட்டால் குடிக்காமல் இருக்கிறாரே, கழற்றியதும் ஆரம்பித்துவிடுகிறாரே என்று பல பெண்கள் அழுவார்கள். பக்தி போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த ஒரு மண்டலமும் தெருவே அவரைச் 'சாமி' என்று கூப்பிடுகிறது, குருசாமி விசாரிக்கிறார், பஜனையில் பத்துப் பேர் பக்கத்தில் உட்காருகிறார்கள், வீட்டில் தனிச் சமையல். மாலை கழன்ற மறுநாள் இவை எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. அவருக்குத் தேவை வருடம் முழுக்கக் கலையாத ஒரு கூட்டம்.

இப்போது நாங்கள் சில பேர், ஏ.ஏ.வுக்கும் போய் விபாசனாவும் செய்கிறவர்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி பைண்டிங் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். பஞ்சசீலம் சொல்லுவோம். அரை மணி நேரம் உட்காருவோம். பிறகு ஒவ்வொருவராக அந்த மாதம் எப்படிப் போனது என்று பேசுவோம். இடையில் குடித்துவிட்டவர் இருந்தால் அவர் முதலில் பேசுவார், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். ஏ.ஏ.வுக்கு மாற்றாக இதை நாங்கள் நடத்தவில்லை. வாரக் கூட்டத்துக்கு வராதவர் இதற்கு மட்டும் வந்தால் அண்ணன் கோபித்துக்கொள்வார். பன்னிரண்டு படியில் சிலர் பௌத்தராக நடக்கிறோம், சிலர் சர்ச்சுக்குப் போகிறார்கள், ஒருவர் தர்காவுக்கு. அதைப் பற்றி விவாதம் வந்ததில்லை.

ஆகவே அக்கா, அம்மா, தங்கச்சி, கேட்டவர்கள் எல்லாருக்கும்: முதலில் ஆஸ்பத்திரி. அங்கிருந்து வெளியே வரும் அன்றைக்கே ஏ.ஏ. கூட்டம், இடமும் நேரமும் ஆஸ்பத்திரியிலேயே சொல்வார்கள். காசு கேட்க மாட்டார்கள், பெயர் எழுத மாட்டார்கள். சில மாதம் கூட்டத்தில் கால் ஊன்றிய பிறகு, டாக்டரும் சரி என்றால், பத்து நாள் முகாம். திரும்பி வரும் அன்று கூட்டத்து ஆள் ஒருவரைப் பஸ் ஸ்டாப்புக்கு வரச் சொல்லிவிடுங்கள். குடிப்பவர் எதற்கும் வர மாட்டேன் என்று அடம்பிடித்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டாம். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டம் தனியாக நடக்கிறது. என் மனைவி எனக்கு முன்பே அங்கே போக ஆரம்பித்துவிட்டாள், இப்போதும் போகிறாள்.